பறந்துபோனதும் தங்கிவிட்டதும்

(பொது நூலகக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நேராகக் கப்பலுக்கே போய்விடுகிறேன்.

1694இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ரிடர்ஸ்காப் வான் ஹாலந்து' என்ற கப்பல் நன்னம்பிக்கை முனையை விட்டு, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கிளம்பியது. போய்ச் சேரவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, பலகையும் கிடைக்கவில்லை. அதைத் தேடிவர 1696இல் மூன்று கப்பல்களை அனுப்பினார்கள். தலைவர் வில்லெம் டி விளாமிங். காணாமற்போன கப்பலை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இரண்டு வார இடைவெளிக்குள் இரண்டு உயிரினங்களைப் பார்த்து எழுதிவைத்துவிட்டுப் போனார். இன்றைய பேச்சு அந்த இரண்டையும் பற்றியது.

டிசம்பர் மாதக் கடைசியில் அவர்கள் ஒரு சிறிய தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். இறங்கிப் பார்த்தால் எங்கு பார்த்தாலும் பூனை அளவில் எலிகள். அப்படித்தான் அவர் கண்ணுக்குப் பட்டது. தீவுக்கே எலிக்கூடு என்று டச்சு மொழியில் பெயர் வைத்தார். அதுதான் இன்றைய ரொட்னெஸ்ட். அவர் பார்த்தது எலியே அல்ல. கங்காரு குடும்பத்தைச் சேர்ந்த குவாக்கா. பிறகு 1697 ஜனவரியில், எதிரே இருந்த பெருநிலத்தில் ஓர் ஆற்றின் வழியே படகில் உள்ளே போனார்கள். அங்கே கரிய நிறத்தில் அன்னங்கள் மிதந்துகொண்டிருந்தன. சிலவற்றைப் பிடித்தார்கள், அவற்றில் இரண்டு பத்தாவியா வரைக்கும் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அந்த ஆறுதான் இப்போது பெர்த் நகரத்தின் நடுவே ஓடும் ஸ்வான் ஆறு.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். இதே கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. அதே 1658இல் கம்பெனியின் மாலுமி சாமுவேல் ஃபோல்கெர்ட்சோன் ரொட்னெஸ்ட் தீவில் இறங்கி அதே குவாக்காவைப் பார்த்திருக்கிறார். அவர் கண்ணுக்கு அது புனுகுப்பூனை மாதிரி, மயிர் மட்டும் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. நாகப்பட்டினத்தில் கொடி ஏற்றிய கம்பெனி எங்கெல்லாம் கால் வைத்துக்கொண்டிருந்தது என்பதற்காகத்தான் சொன்னேன்.

அன்னத்துக்குக் கிடைத்த புகழ் வேறு ரகம். ஐரோப்பாவில் அதுவரை அன்னம் என்றால் வெள்ளை. நம் அன்னமும் அப்படித்தான். ரோமக் கவிஞர் ஜுவனால், உலகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியபோது கருப்பு அன்னத்தை உவமையாக வைத்தார். அதிலிருந்து பதினாறு நூற்றாண்டுகளாக ஐரோப்பியப் படிப்பாளிகள் நடக்க முடியாத காரியத்துக்கு அதையே சொல்லிவந்தார்கள். அது ஓர் ஆற்றில் கூட்டங்கூட்டமாக நீந்துகிறது என்று செய்தி வந்ததும் உவமையின் பொருளே மாறிப்போயிற்று. ஆயிரம் வெள்ளை அன்னங்களைப் பார்த்தாலும் 'அன்னங்கள் எல்லாம் வெள்ளை' என்று நிரூபித்ததாக ஆகாது என்பதைத் தத்துவ அறிஞர்கள் அதைக் காட்டிப் பேசினார்கள். கார்ல் பாப்பர் அவர்களில் ஒருவர். 2007இல் நசீம் நிக்கோலஸ் தாலிப் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, பங்குச்சந்தைச் சரிவு முதல் பெருந்தொற்று வரை எதிர்பாராத அடி எதற்கும் அதன் பெயர்தான்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. தன் ஆற்றில் அந்தப் பறவை அரிதானதாக ஒருநாளும் இருந்ததில்லை. அந்த மண்ணின் நூங்கார் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைப் பார்த்து, அதன் முட்டையை எடுத்துச் சாப்பிட்டு, அதற்கு 'மாலி' என்று பெயரும் வைத்திருந்தார்கள். இன்னொன்று, அது முழுக்கக் கருப்பும் இல்லை. இறக்கையை விரித்துப் பறக்கும்போது பாருங்கள், பறப்புச் சிறகுகள் பால்வெள்ளை. தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வெள்ளையை மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது.

குவாக்காவுக்குப் புகழ் வரக் கைப்பேசியில் கேமரா வரவேண்டியிருந்தது. கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான் அது 'உலகத்திலேயே மகிழ்ச்சியான விலங்கு' ஆயிற்று. 2017 டிசம்பரில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் அதனோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார், அது உலகெங்கும் பரவியது. அது சிரிக்கவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாரும் முள்ளுமான தழையை நெடுநேரம் மெல்ல வேண்டிய வாய் அது. தாடைத் தசைகள் பருத்து, வாயோரம் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. வெயிலில் மூச்சிரைக்கும்போது வாய் லேசாகத் திறந்தால் நமக்கு அது புன்னகை. முதலில் எலி என்றோம், பிறகு சிரிக்கிறது என்றோம்.

மனிதன் பார்த்த கதை இவ்வளவு போதும். நான் ஒப்பிட வந்தது அவை பிழைக்கும் விதத்தை. ஒன்று பறவை, ஒன்று பாலூட்டி. இரண்டுக்கும் பொதுவான மூதாதையைத் தேடினால் முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னால் போக வேண்டும். அப்படியிருந்தும் அவற்றை ஒரே மேடையில் நிறுத்துவது தண்ணீர்தான். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் மழை மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை பெய்யும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை அநேகமாக நின்றுவிடும். உள்நாட்டுக்குள் போனால் அந்த ஒழுங்கும் கிடையாது. சில ஆண்டுகள் ஏரி வெறும் உப்புத்தரை, பிறகு திடீரென்று வெள்ளம். இப்படிப்பட்ட ஊரில் என்ன செய்வது? அன்னம் கிளம்பிப் போய்விடுகிறது. குவாக்கா இருந்த இடத்திலேயே இருந்து செலவைக் குறைத்துக்கொள்கிறது.

அன்னத்தின் பயணத்துக்கு நாட்காட்டி கிடையாது. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளைப் போல மாதம் சொல்லி வருவதில்லை. எங்கே மழை பெய்து ஏரி நிரம்பியதோ அங்கே போகும். பெரும்பாலும் இரவில் பறக்கும். ஒன்பது கிலோ வரை எடை இருக்கும், இறக்கை விரிந்தால் இரண்டு மீட்டர் வரும். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எழும்பத் தண்ணீர்ப் பரப்பின்மேல் நீண்ட தூரம் ஓட வேண்டும். ஆகவே சின்னக் குட்டையை அது நம்புவதில்லை. அன்ன இனங்களிலேயே உடம்புக்கு ஏற்ற கணக்கில் மிக நீளமான கழுத்து கருப்பு அன்னத்துக்குத்தான். ஆழமில்லாத தண்ணீரில் கழுத்தைத் தாழ்த்தி அடியில் வளரும் செடிகளைப் பிடுங்கும். அநேகமாகச் சைவம்.

குவாக்காவோ இரண்டரை முதல் ஐந்து கிலோ வரை. வீட்டுப் பூனையளவு, கங்காருவுக்கு இருக்க வேண்டிய நீள வாலும் இல்லை. ரொட்னெஸ்டில் கோடையில் குடிக்க நல்ல தண்ணீர் அரிது. சாறு நிறைந்த செடிகளைத் தின்று அதிலிருக்கும் ஈரத்தில் நாளைக் கடத்துகிறது. அதன் வயிறு இந்தச் சிக்கனத்தின் மையம். மாட்டின் வயிற்றில் நடப்பது போன்ற நொதித்தல் இங்கேயும் நடக்கிறது: இரைப்பையின் முன்பகுதியில் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்துத் தருகின்றன. 1950களில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஹாரி வேரிங்கும் அவருடைய சகாக்களும் இதைக் கண்டுபிடித்து எழுதியபோது, மாட்டு இனத்தோடு சம்பந்தமே இல்லாத விலங்கு தனி வழியில் அதே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்று உயிரியலாளர்கள் வியந்தார்கள். சிறுநீரோடு வெளியே போகவேண்டிய யூரியாவையும் முழுக்க விடுவதில்லை. ஒரு பங்கைத் திரும்ப வயிற்றுக்கு அனுப்பி, நுண்ணுயிர்களுக்குக் கொடுத்துப் புரதமாக மாற்றிக்கொள்கிறது. இவ்வளவு செய்தும் கோடைக் கடைசியில் பல குவாக்காக்கள் எடை இழந்து, இரத்தசோகை பிடித்து, செத்தும் போகின்றன. தங்கியிருப்பது இலவசமில்லை.

அந்த ஆய்வுக் காலத்திலேயே இன்னொன்றும் நடந்தது. கூண்டில் வைத்து வளர்த்த குவாக்காக்களுக்குப் பின்னங்கால் தசைகள் நலிந்து செயலிழந்தன. காரணம் வைட்டமின் ஈ குறைபாடு. மருத்துவர் பைரன் ககுலாஸ் அந்த வைட்டமினைக் கொடுத்தபோது நலிந்த தசை மறுபடியும் வளர்ந்தது. சிதைந்த தசை திரும்பாது என்ற எண்ணம் ஆழமாக இருந்த காலம் அது. மனிதர்களின் தசைநலிவு நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தத் தீவு விலங்கு கொடுத்தது சிறியதல்ல. செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிள்ளைபெறும் விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை ஒப்பீட்டின் சுவையான பகுதி இதுதான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அன்னம் நாணலையும் கோரையையும் குவித்து ஒரு மீட்டருக்கு மேல் அகலமான மேடு ஒன்றைத் தண்ணீரில் கட்டுகிறது. நாலிலிருந்து எட்டு முட்டை வரை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஐந்து ஆறு வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரிந்ததும் நீந்தும், களைத்தால் தாய் தந்தை முதுகில் ஏறிக்கொள்ளும். ஆனால் அது பறக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். வற்றிவிட்டால் பெரியவை பறந்து தப்பிக்கலாம், குஞ்சுக்கு வழி இல்லை. அது போதாதென்று, இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் பெரிய அன்னங்களுக்கும் பறப்புச் சிறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்துவிடும். ஏறத்தாழ ஒரு மாதம் அவற்றாலும் பறக்க முடியாது. கரையை விட்டு விலகி ஏரியின் நடுவில் கூடி மிதந்துகொண்டிருக்கும். எங்கும் போகக்கூடிய பறவை என்று சொன்னேனே, அது வருஷத்தில் பாதி நாள் ஒரே ஏரிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது.

குவாக்காவைப் பாருங்கள். இருபத்தேழு நாளில் பிரசவம். பிறப்பது ஒரு கிராம்கூட இல்லாத, கண் திறக்காத, மயிரில்லாத ஒரு துணுக்கு; தாயின் மயிரைப் பற்றி ஏறிப் பைக்குள் போய் முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. ஆறு மாதம் உள்ளேயே இருக்கும். தாய் எங்கே மேயப் போனாலும் தொட்டில் கூடவே போகிறது. ஆக, இடம்பெயரும் பறவையின் பிள்ளை ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறது. இடம்பெயராத விலங்கின் பிள்ளை நடமாடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தலைகீழ் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கதை அத்தோடு முடியவில்லை. பிரசவமான ஓரிரு நாளில் தாய் குவாக்கா மறுபடியும் இணைசேர்ந்து கருவுறுகிறது. ஆனால் அந்தக் கரு வளர்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உயிரணு உருண்டையாகக் கருப்பையில் சும்மா கிடக்கிறது. பையிலிருக்கும் குட்டி பால் குடிக்கும்வரை தாயின் உடல் அதை அப்படியே நிறுத்திவைக்கிறது. குட்டி இறந்துபோனால், சில வாரங்களில் இந்தக் கரு வளர்ந்து அடுத்த குட்டியாகப் பிறந்துவிடும். இன்னொரு ஆணைத் தேட வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய உயிரியலாளர் ஷார்மன் 1955இல் இதை நிறுவிக் காட்டியது குவாக்காவை வைத்துத்தான். கங்காருகள் பலவற்றில் இதே ஏற்பாடு உண்டு என்பது பிறகு தெரிந்தது. ரொட்னெஸ்டில் இன்னும் ஒரு நுணுக்கம்: அங்கே பெண் குவாக்காக்கள் ஆண்டில் ஒரு பருவத்தில்தான் கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். முதல் குட்டி நன்றாக வளர்ந்துவிட்டால் காத்திருந்த கரு பெரும்பாலும் பயன்படாமலே அழிந்துவிடும். அன்னம் எட்டு முட்டையில் செய்கிற காப்பீட்டை குவாக்கா ஒரே ஒரு கருவில் செய்துகொள்கிறது.

பயந்தால் குவாக்கா தன் குட்டியை எடுத்து எதிரியின்மேல் வீசும் என்று ஒரு செய்தி உலவுகிறது. வீசுவதில்லை. துரத்தும்போது பையின் தசை தளர்ந்து குட்டி கீழே விழுகிறது. அது கத்த, துரத்தியது அந்தப் பக்கம் திரும்ப, தாய் தப்பிக்கிறது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் உள்ளே இன்னொரு கரு காத்திருக்கும் விலங்குக்குத் தாய் பிழைப்பதுதான் பெரிது.

அன்னத்தின் குடும்பக் கதையிலும் நம் கற்பனை கொஞ்சம் அடிபடும். ஆயுள் முழுவதும் ஒரே துணை என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வில், ஏறத்தாழ ஏழு குஞ்சில் ஒன்றுக்குத் தந்தை வேறொரு ஆண் என்று தெரிந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து குடும்பம் நடத்துவதும் உண்டு. ஒரு பெண்ணோடு தற்காலிகமாகச் சேர்ந்து முட்டை கிடைத்ததும் அந்தப் பெண்ணை விரட்டிவிடும். இல்லாவிட்டால் வேறு ஜோடியின் கூட்டையே பிடித்துக்கொள்ளும். இரண்டு ஆண்களின் பலத்தில் பெரிய இடத்தைக் காக்க முடிவதால் குஞ்சுகள் பிழைத்து வளர்வதும் கூடுதல்.

இவ்வளவு கணக்குகளும் மனிதன் நரியைக் கொண்டுவந்து விடும்வரை சரியாக இருந்தன. வேட்டையாடி மகிழ்வதற்காக ஆங்கிலேயர் கிழக்கு ஆஸ்திரேலியாவில் விட்ட செந்நரி, பரவிப் பரவி 1930களில் தென்மேற்கு முழுவதும் வந்து சேர்ந்தது. அதுவரை பெருநிலத்தில் குவாக்கா சாதாரணமாகத் தென்பட்ட விலங்கு. சில ஆண்டுகளில் பல இடங்களில் காணாமற்போனது. அன்னமும் செந்நரிக்கு அகப்படாத பறவை அல்ல. ஆனால் அதனால் எழும்பிப் போக முடிந்தது, ஏரி நடுவே நிற்கவும் முடிந்தது. தங்கிப் பிழைக்கும் உத்தி, புதிதாக வந்த எதிரி முன்னால் ஒரேயடியாகத் தோற்றது. பெருநிலத்தில் மிச்சமிருப்பவை காட்டுக்குள் சதுப்பு ஓரத்து அடர்ந்த புதர்களில், தாமே போட்ட சுரங்கப் பாதைகளில், இரவில் நடமாடுகின்றன. புகைப்படத்தில் ஆளைப் பார்த்து நெருங்கி வரும் குவாக்காவை வைத்து இவற்றை எண்ணிப் பார்க்க முடியாது.

தீவுக் குவாக்காவைக் காப்பாற்றியது கடல். ரொட்னெஸ்ட் வெறும் 19 சதுர கிலோமீட்டர். பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது, ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது பெருநிலத்திலிருந்து துண்டுபட்டது. அகப்பட்ட குவாக்காக்கள் அங்கேயே நின்றுவிட்டன. நரி நீந்தி வரமுடியாத தூரம். இன்று எண்ணாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை அந்தத் தீவில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்; மற்ற எல்லா இடங்களையும் கூட்டினாலும் அவ்வளவு வராது.

அதே தீவைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. நூங்கார் மக்களுக்கு அது வாஜெமப். 1838இலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பழங்குடி ஆண்களையும் சிறுவர்களையும் சங்கிலியிட்டுக் கொண்டுவந்து அடைத்த சிறை அது. ஏறத்தாழ நாலாயிரம் பேர். அவர்களில் குறைந்தது 373 பேர் அங்கேயே இறந்தார்கள். சிறைக் கட்டடமே 2018 வரை சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக இருந்தது. கடல் குவாக்காவைக் காத்ததும், அந்த மனிதர்களை வீடு திரும்பவிடாமல் நிறுத்தியதும் ஒரே காரணத்தால்தான்.

இப்போதைய நிலை. தென்மேற்கில் குளிர்கால மழை 1970களிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது, சதுப்புகள் காய்கின்றன. 2015 தொடக்கத்தில் நார்த்கிளிஃப் பகுதியில் காட்டுத்தீ ஏறத்தாழ 98,000 ஹெக்டேரை எரித்தது. அங்கே ஐந்நூறுக்கு மேல் இருந்த குவாக்காக் கூட்டத்தில் நாற்பதுக்கும் குறைவானவையே மிஞ்சின என்று பிறகு கணக்கிட்டார்கள். மிஞ்சியவை தீ தொடாமல் விட்ட ஈரமான புதர்த் துண்டுகளில் ஒண்டியவை.

அன்னம் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் கொடியிலேயே இருக்கிறது, எண்ணிக்கைக்கும் குறைவில்லை. ஆனால் 2023இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் அதன் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, ஐரோப்பிய வெள்ளை அன்னத்தோடு ஒப்பிட்டார்கள். வைரஸ் நுழைந்ததை உடலுக்கு அறிவிக்கும் நோயெதிர்ப்பு மரபணுக்களில் முக்கியமான ஒன்று, கருப்பு அன்னத்தின் இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் வேலை செய்வதாகவே தெரியவில்லை. வீரியமான பறவைக் காய்ச்சல் தாக்கினால் கருப்பு அன்னம் மற்ற நீர்ப்பறவைகளைவிட எளிதில் சாகும் என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். நெடுங்காலம் உலகின் தொற்றுகளிலிருந்து ஒதுங்கி ஒரு கண்டத்தில் வாழ்ந்த பறவைக்கு அந்தக் காவல் தேவைப்படாமல் போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நிலத்தில் எங்கும் நகரும் இந்தப் பறவையும் கண்டக் கணக்கில் பார்த்தால் ஒரு தீவுவாசிதான்.

குவாக்காவுக்குச் செய்யக்கூடியது தெரிந்திருக்கிறது: நரிக்கு நச்சு இரை வைப்பது, காட்டைக் கட்டுப்படுத்தி எரிக்கும்போது ஈரப் பள்ளங்களின் புதரை எரியாமல் விட்டுவைப்பது. முதலாவது 1996இலிருந்து பெரிய அளவில் நடக்கிறது. இரண்டாவதில் வனத்துறையினருக்கும் சூழலியலாளர்களுக்கும் இடையே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் விரிவாகச் சொல்கிறேன். கேள்விகளுக்கு வரலாம்.